சந்தையில் ஒதுக்கிய ஏழு பனியன்

வேலம்பாளையம் பூவாத்தாளுக்கு ஆத்தப்பன் எழுதுவது.

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். இதை நானே என் கையால் எழுதுகிறேன். எழுதத் தொடங்கி மூன்று நாளாகிறது, எழுத எழுத ஆசையாக இருக்கிறது.

இங்கிலாந்தில் நம் மகன் இருக்கும் ஊர் சின்னதுதான். வியாழக்கிழமை சந்தைக்குக் கூட்டிப்போனான். ஒரு கடையில் பனியன் குவித்திருந்தார்கள். பனியன் கம்பெனி செக்கிங்கில் இருபது வருடம் நின்ற கை சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட ஏழு பனியனைத் தனியே ஒதுக்கினேன். நூல் பிசிறைப் பல்லால் கடித்தும் எடுத்தேன். கடைக்காரர் முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்கப்பா, இது உங்க கம்பெனிங்களா? வாங்க போலாம்" என்றான் தங்கதுரை.

"கழுத்துல தையல் விட்டிருக்குது கண்ணு. இத எவன் பாஸ் பண்ணுனான்?" என்றேன்.

நான் கடித்ததையெல்லாம் அவனே வாங்கும்படி ஆனது. அதில் ஒன்றைத்தான் போட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து என்னைத் தனியாக வெளியே விடுவதில்லை. வெளியே போனால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், சாவி தரமாட்டேன் என்கிறான். அவனும் மருமகளும் வேலைக்குப் போனபின் ஜன்னலில் நின்று, போகிறவர்கள் சட்டையில் தையலைப் பார்க்கிறேன். பேச ஆள் இல்லை.

இன்னும் மூன்று மாதம் இருக்கச் சொல்கிறான். போனில் பேசும்போது பக்கத்திலேயே நிற்கிறான், அதனால்தான் எழுதுகிறேன். மருமகள் தபாலில் போடக் காத்திருக்கிறாள், ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

நீ அவனைப் போனில் கூப்பிட்டு, ஆடு குட்டி போடப்போகிறது, தனியாக முடியவில்லை, அப்பாவை அனுப்பு என்று சொல். ஆட்டை விற்றது அவனுக்குத் தெரியாது.

ஆத்தப்பன்