மாலை போட்ட படமும் உன் அம்மாவின் சிரிப்பும்

அன்பு மகள் ஸ்மிஜாவுக்கு அச்சன் எழுதுவது. நீயும் பினீஷும் குழந்தையும் அயர்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, உடம்பைத் தவிர மற்றதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். முப்பது வருஷம் மேடையில் மைக்குக்கு முன்னால் நின்ற தொண்டை இது, போனைக் காதில் வைத்தால் தானாகவே நடிக்க ஆரம்பித்துவிடும். காகிதத்தில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

வருகிற வெள்ளிக்கிழமை, நானும் உன் அம்மாவும் நடித்த நம் நாடகம் சினிமாவாக வெளிவருகிறது, உங்கள் ஊரிலும் போடுகிறார்களாம். நீ கட்டாயம் போவாய். முதல் காட்சியிலேயே சுவரில் உன் அம்மாவின் படம் மாலையோடு தொங்கும். அம்மா போனபிறகு மரியாதைக்கு வைத்தது என்று நினைத்துக்கொள்வாய். இல்லை மோளே, அவள் உயிரோடு இருந்தபோதே போட்ட மாலை அது. அது எப்படி வந்தது என்று நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது.

கடைசிக் காட்சியை நீ மறந்திருக்க மாட்டாய். செய்யாத திருட்டுக்காக அப்பன் மகனை வீட்டைவிட்டுத் துரத்துவான், மகன் பிணமாகத் திரும்பி வருவான், அம்மாக்காரி அவன் தலையை மடியில் வைத்து, தூங்குகிறான் என்று நினைத்துக் கஞ்சி ஊட்டுவாள். மூன்று வயதில் கருநாகப்பள்ளித் திருவிழா மைதானத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நீ, "அம்மே, அவன் செத்துட்டான், ஊட்டாதே" என்று கத்தினாய். மைதானமே சிரித்தது, அடுத்த நிமிஷம் அதே மைதானம் மூக்கைச் சிந்தியது. அவள் ஒரு கண்ணைக்கூட உன் பக்கம் திருப்பாமல் ஊட்டிக்கொண்டே இருந்தாள். அந்த நேரத்தில் அப்பன் வேஷக்காரனான நான் மேடை மூலையில் கையைத் தொங்கப்போட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. தொள்ளாயிரம் மேடைக்குமேல் அப்படியே நின்றேன். ஜனங்கள் திரைக்குப் பின்னால் வந்து உன் அம்மாவைத்தான், வனஜா சேச்சி எங்கே என்று கேட்பார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை என்று உன்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். பொய். நிறைய இருந்தது.

போன ஓணத்துக்கு முன்னால் நிகேஷ் என்ற அந்த டைரக்டர் பையன் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். நல்ல பையன், என்னை ஆசானே என்றுதான் கூப்பிடுவான். நாடகத்தில் வரும் பஸ் முதலாளியை பிளாட் கட்டி விற்கிறவனாக மாற்றிவிட்டேன், மகனை என்ஜினீயர் ஆக்கிவிட்டேன், கடைசிக் காட்சிதான் பிடிபட மாட்டேன் என்கிறது, அம்மா அழுதால் அப்படியே நாடகமாக இருக்கிறது என்று தலையைச் சொறிந்தான். உன் அம்மா அப்போது மீன் வாங்கப் போயிருந்தாள். நான்தான் சொன்னேன்: "அம்மாவையே எடுத்துடு. கதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே செத்துட்டாள்னு வை. கஞ்சிய அப்பன் ஊட்டட்டும்." அவன் எழுந்து என் காலைத் தொட்டான். அந்த அப்பன் வேஷம் எனக்குத்தான் வரும், வாழ்க்கையில் ஒரு தடவையாவது நான் ஊட்டுவேன், ஊர் எனக்காக அழும் என்று கணக்குப்போட்டேன். வேஷம் ஒரு பெரிய நடிகருக்குப் போனது. எனக்குக் கிடைத்தது பிளாட் வாசல் காவலாளி. வசனம் ஒன்றே ஒன்று, லிப்ட் வேலை செய்யலை சார்.

அம்மா பாத்திரம் படத்தில் இல்லை என்று உன் அம்மாவிடம் சொன்னபோது, எல்லாம் அந்தப் பையனின் முடிவு என்றேன். இப்போதைய பிள்ளைகளுக்கு அப்படித்தான் தோன்றும் என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போனாள். பிறகு செத்துப்போன அம்மாவாகச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று ஆள் வந்தது. சேச்சி படமே இருந்தால் பெருமை என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே பெட்டியிலிருந்து தானே தேடி எடுத்துக் கொடுத்தாள். "அழுது அழுது இடுப்பு போச்சு. இந்தத் தடவை சும்மா தொங்கிட்டு வரேன்" என்றாள்.

உயிரோடிருக்கிறவர் படத்துக்கு மாலை போட்டு எடுத்தால், எடுத்து முடித்ததும் அந்த ஆளையே கேமரா முன்னால் நிறுத்திச் சிரிக்கவைத்துப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் தோஷம் போகும் என்பது சினிமாக்காரர்கள் வழக்கம். அதற்காகக் காக்கநாட்டுப் படப்பிடிப்புக்கு வர வீட்டுக்குக் கார் அனுப்பினார்கள். ஜரிகைக் கரை போட்ட செட்டுமுண்டு உடுத்திப் பவுடர் பூசி வந்தாள். லைட் சரிசெய்கிற நேரத்தில் நிகேஷ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பாவம் அவனுக்கு என்ன தெரியும், "சேச்சி, ஆசான் பெரிய மனசுக்காரர். அம்மா வேண்டாம்னு தைரியமா சொன்னதே அவர்தான். அதனாலதான் படமே நிமிந்துச்சு" என்றான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் காவலாளித் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதற்குள் யாரோ சேச்சி சிரிங்க என்றார்கள். சிரித்தாள்.

திரும்பி வரும்போது காரில் ஆலப்புழை தாண்டும்வரை திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். பிறகு சொன்னாள்: "அந்த நடிகர்கிட்ட சொல்லிடுங்க. தலைய இடது கையில தாங்கி வலது கையால ஊட்டணும். வாயோரம் வழியுற கஞ்சிய விரலால வழிச்சு மறுபடியும் உள்ள வைக்கணும். அப்பத்தான் புள்ள செத்தது அவளுக்குத் தெரியலைன்னு ஜனத்துக்குத் தெரியும்." அவ்வளவுதான். அதன்பிறகு பத்தொன்பது நாள் எனக்குச் சோறு போட்டாள், முதுகுக்குத் தைலம் தேய்த்தாள், டிவியில் உன் ஊர் மழையைப் பார்த்துக் கவலைப்பட்டாள். அதைப்பற்றிப் பேசவே இல்லை. இன்றைக்குக் கேட்டுவிடலாம், நாளைக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நான் நாளைக் கடத்தினேன். இருபதாம் நாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை.

அஸ்தி எடுத்த சஞ்சயனத்தன்று உன் மணியன் மாமா எல்லோர் முன்னிலும், உயிரோடு இருக்கிறவளுக்கு மாலை போடக் கொடுத்தவர்தானே நீங்கள் என்று கேட்டான். நீ அப்போது விமானத்தில் இருந்தாய். மாலைதான் கொன்றது என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தேன், எனக்கு அது வசதியாக இருந்தது. இருதயம் என்று டாக்டர் சொன்னார், அதில் என் பங்கு எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை.

அவள் சொன்னதை நடிகரிடம் சொல்லிக்கொடுத்தேன். படத்தில் அப்படியே செய்திருக்கிறார். படத்தை முன்கூட்டியே பார்த்த நிறையப்பேர் என்னிடமும் புகழ்கிறார்கள், எங்கிருந்து வந்தது ஆசானே இந்த யோசனை என்று. இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன், வனஜா சொன்னது என்று. அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நீ அந்த இடம் வரும்போது நடிகரின் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார்.

குழந்தையைத் தியேட்டருக்குக் கூட்டிப்போக வேண்டாம். தனியாகவும் போகாதே, பினீஷைக் கூட்டிக்கொள். இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு. உன் வீட்டில் சிரிப்பும் சமாதானமும் குறையாமல் இருக்கட்டும், என் பேரனுக்கு உன் அம்மாவின் பொறுமை வரட்டும், என் புத்தி வேண்டாம். என்மேல் கோபம் வந்தால் வரட்டும், அதை மறைக்காமல் எழுது. இன்னும் ஒன்று. அவள் சிரித்த அந்தத் துண்டை நிகேஷ் எனக்கு அனுப்பியிருந்தான், அதை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், நான்கே நொடிதான். அவளோடு முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்தேன், முப்பது வருஷம் நடித்தேன், நூறு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். அவள் நிஜமாகவே சிரித்தாளா, அல்லது எனக்காகக் கடைசியாக ஒரு தடவை நடித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. நீ அவள் மகள், பார்த்துச் சொல்.

அச்சன்,
திவாகரன்