பெயர் கேட்டால் தெரிந்தவர்

அக்கா,

இன்று மத்தியானம் செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், மாமல்லபுரம் சிற்பப் பட்டறைகளுக்கு எதிரே ஏறிய ஒரு பெண் எங்கள் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். புடவையெல்லாம் ஈரக் கல்தூள் வாசனை. நாளெல்லாம் சிலைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு வரும் உங்கள் புடவையின் வாசனை. நான் திரும்புவதற்குள் என் மகள் அவள் கையைப் பிடித்து, பேர் கேட்டு, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டு, உறவே கொண்டாடிவிட்டாள். அந்தப் பெண் நல்லவள், சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். நான்தான் இறங்கும்வரை மகளின் மறு கையை விடவில்லை. மகளுக்குப் பத்தொன்பது வயதாகிறது அக்கா. எல்லா நாளும் நல்லவர்களே வந்து உட்காருவார்களா?

உங்களை முதலில் பார்த்ததும் செங்கல்பட்டில்தான், ஆஸ்பத்திரி வராந்தாவில். உங்கள் மகன் பெஞ்சுக்கு அடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஐந்து வயது என் மகளோ வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய், ஆன்ட்டி உங்க கம்மல் அழகு, அங்கிள் சாப்பிட்டீங்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா, ஒம் பொண்ணு ஓட்டு கேக்க வந்துகீதா?" என்றீர்கள். திருநெல்வேலியிலிருந்து கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்கு வந்து, இரண்டு வருஷமாக யாரிடமும் வாய்விட்டுச் சிரிக்காத நான் அன்று சிரித்தேன்.

உங்கள் மகனுக்கு ஆட்டிசம் என்று சீக்கிரமே சொல்லிவிட்டார்கள். என் மகளுக்கு இருப்பதற்கு ஒரு பெயர் கிடைக்க இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. மெட்ராஸில் ஒரு டாக்டர் அவள் முகத்தை உற்றுப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்றார். கருவிலேயே ஒரு குரோமோசோமில் இம்மியளவு துண்டு விட்டுப்போயிருக்கிறது, இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தக்குழாய் குறுகல், யாரிடமும் தயங்காமல் ஒட்டிக்கொள்வதும் அதில் சேர்த்தி என்றார். அன்பாக இருப்பது ஒரு நோயா என்று உங்களிடம் வந்து அழுதேன். நீங்கள் பொறாமைப்பட்டீர்கள். உங்கள் மகன் ஒரே ஒரு தடவை உங்கள் முகத்தைப் பார்த்து அம்மா என்றால் போதும் என்றீர்கள். நானும் பொறாமைப்பட்டேன் அக்கா. உங்கள் மகனை யாரும் கூட்டிக்கொண்டு போய்விட முடியாது.

வடக்கும் தெற்குமாக இரண்டு பிள்ளைகள் என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு நாள் எங்கள் வீட்டில் குக்கர் விசிலடித்ததும் இரண்டும் ஒரே மாதிரி காதைப் பொத்திக்கொண்டு அலறின. நீங்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னதை நான் மறக்கவே இல்லை. "எம் புள்ள யார்கிட்டயும் போவாது. ஒம் பொண்ணு எல்லார்கிட்டயும் போவுது. ஆனா ரெண்டுத்துக்கும் ஒரு பிரண்டு கூட கெடயாது, பாத்தியா?" உண்மைதான். தெருப்பிள்ளைகள் அவளோடு ஐந்து நிமிஷம் பேசுவார்கள். அப்புறம் அவளை விட்டுவிட்டு விளையாடப் போய்விடுவார்கள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது எனக்குத் தூக்கம் போயிற்று. தெரியாதவங்க கூப்பிட்டா போகக் கூடாது என்று ஒரு வருஷம் தினமும் சொல்லிக்கொடுத்தேன். கேட்டால் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பாள். சோதித்துப் பார்த்துவிடலாம் என்றவர் நீங்கள்தான். அவள் பார்த்தே இராத உங்கள் கொழுந்தனாரை வரவழைத்தீர்கள். பட்டறை வாசலில் அவளை நிற்கவைத்துவிட்டு, நாம் இருவரும் பாதி செதுக்கிய நந்தி ஒன்றின் பின்னால் ஒளிந்துகொண்டோம். அவர் வந்து, அம்மா கூப்பிடுகிறாள் வா என்றார். அவள் அவர் கையைப் பிடித்தாள். நடந்துகொண்டே அவரிடம், தெரியாதவங்க கூப்பிட்டா போகக் கூடாது அங்கிள், ஞாபகம் வெச்சுக்கோங்க என்று பாடம் எடுத்தாள். முனை திரும்பும்போது ஓடிப்போய் மறித்தேன். ஏன்டி போனாய் என்று கேட்டால் முகமெல்லாம் சிரிப்பு.

"பேரு கேட்டேனே அம்மா. இப்ப தெரிஞ்சவரு."

கல்தூளில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் கொழுந்தனார் தன் உள்ளங்கையை லுங்கியில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவள் இருக்கும் இடத்துக்கு அவர் வரவே இல்லை. நீங்கள் எனக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "பயப்படு. நீ பயந்துகினு இருந்தாதான் அது பத்திரமா இருக்கும்" என்றீர்கள். அன்றிலிருந்து அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்கிறேன்.

உங்கள் பயம் வேறு. உங்கள் மகன் உங்கள் கையால் பிசைந்த தயிர்சாதம் தவிர எதையும் தொடமாட்டான். உங்களுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, முற்றிவிட்டது என்று சொன்ன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நான் காபி கலந்துகொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நின்று கேட்டீர்கள்: "நா பூட்டா அவன் யார் கையால துன்னுவான்? நீ வந்து பழக்குறியா?"

நான் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். எனக்கே ஒன்று இருக்கிறதே என்று நினைத்தேன். காபியை மட்டும் நீட்டினேன். நீங்கள் டம்ளரை வாங்கிக்கொண்டு, சர்க்கரை சரியாக இருக்கிறது என்றீர்கள். அவ்வளவுதான்.

நீங்கள் போனபின் அவன் நான்கு நாள் பட்டினி கிடந்தான். ஐந்தாம் நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இப்போது ஊரப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு இல்லத்தில் இருக்கிறான். ஸ்பூனால் சாப்பிடுகிறான், சுவரைப் பார்த்துக்கொண்டு. இளைத்திருக்கிறான், பொய் சொல்லமாட்டேன். மாதம் ஒரு சனிக்கிழமை போகிறேன். என் பக்கம் திரும்பமாட்டான். அதுதான் எனக்கு நியாயம் என்று தோன்றும்.

இப்போது என் முறை அக்கா. எனக்குச் சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, ஒரு கண் மங்குகிறது. என் வீட்டுக்காரர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். மகளோ யார் கை நீட்டினாலும் போவாள். போன வாரம் மறைமலைநகரில் என் நாத்தனார் வீட்டுக்குப் போய், எங்களுக்குப் பிறகு இவளை வைத்துக்கொள்வாயா என்று கேட்டேன். அவள் சட்டென்று எழுந்து, அண்ணி, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். பால் எதுவும் இல்லை. சற்று முன் அந்த அடுப்பை அணைத்தவளே நான்தான்.

அவள் மேல் கோபம் வரவில்லை. நீங்கள் ஒரு தடவைதான் கேட்டீர்கள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன் என்று இத்தனை நாளும் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் மானத்தைப் பார்க்காமல், அவள் திரும்பி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வந்தாள். மறுபடியும் கேட்டேன்.