சீழில்லா நாட்டுப் பொற்கிழி

நலம் சிறக்க! வான் பொய்யாது பொழிக! ஆற்றின் தென்கரையில் அறம் திறம்பாத ஆம்பல்துறை நாட்டின் ஆதுலர் சாலைக்குத் தலைமை மருத்துவியும், நோயாளர்க்குத் தாயினும் இனியவருமான செங்கோதை அம்மையார் திருமுன்னர், வடகரைச் செங்கழனி வேந்தரின் முதலமைச்சரும், 'சீழ்வென்றான்' என்னும் பட்டத்தைத் தாமே முன்மொழிந்து தாமே ஏற்றவருமான கொற்றன் பிரமராயர் விடுக்கும் ஓலை.

உலகம் தோன்றிய நாள்தொட்டு எந்நாடும் செய்யாததைச் செங்கழனி செய்து முடித்தது. இங்கே புண் சீழ்ப்பிடிப்பதில்லை. வாள் வெட்டினாலும், முள் கீறினாலும், மருத்துவரே கத்தியெடுத்து அறுத்தாலும் பிடிப்பதில்லை. இதற்கு மூலிகை காரணமன்று. இவ்வோலை விடுக்கும் அமைச்சரின் ஆணையே காரணம். ஆதுலர் சாலைக்குள் வந்தபின் நோயாளர் ஒருவருக்கும் சீழோ காய்ச்சலோ தொற்றாத திங்கள்தோறும் சாலை மருத்துவர்க்கு ஒரு பொற்கிழி என்று அவர் பறையறைவித்தார். பறைத்தோலின் அதிர்வு அடங்குமுன் நோய் ஓடிவிட்டது.

சீழே இல்லாத நாட்டிலிருந்து சீழோடு இத்தனை பேர் ஓடமேறி வருவது எங்ஙனம் என்று தங்கள் முந்தைய ஓலையில் வினவியிருந்தீர்கள். குறும்பான வினா, ஆயினும் விடை உண்டு. இந்நாட்டுத் தலைமை மருத்துவர் எயினங்கோ பேரறிஞர். சீழ் என்று பிறர் பிதற்றுவது புண் வியர்ப்பதே என்று கண்டறிந்தவர். காய்ச்சலோ, வீட்டு நினைவால் வரும் வெப்பம். அவ்வெப்பம் மிகுந்தோரைச் சாலையை ஒட்டிய மாட்டுக் கொட்டிலுக்கு மாற்றுவார். கொட்டிலில் கிடப்பவன் நோயாளி அல்லன், மாட்டுக்குத் துணையாக வந்தவன் என்பது அவர் துணிபு. துணையிருக்க மனமில்லாதோர் ஓடம் ஏறுகின்றனர். ஆற்றைக் கடந்தவன் தங்கள் கணக்கு.

குயவன் ஒருவன் அவைக்கு வந்து, சீழே இல்லாத ஊரில் என் அப்பன் எதனால்தான் செத்தான் ஐயா என்று கேட்டான். ஆயுள் முடிந்து என்றார் எயினங்கோ. முடித்தது யார் என்று அவன் விடாமல் கேட்க, அவை கலைந்தது; அது உணவு வேளை.

தங்கள் நாட்டு முறையோ இவ்வவைக்கு நெடுநாள் நகைவிருந்து. நோயாளியைத் தொடுமுன் ஒவ்வொருவரும் வெந்நீரில் கைகழுவ வேண்டுமாம். கழுவுவதைப் பார்க்க ஒருவராம். அவர் ஆம் என்றால்தான் சாலைக்குப் பொன்னாம். போதாக்குறைக்கு, இத்தனை புண் சீழ்ப்பிடித்தது என்று திங்கள் முடிவில் நாற்சந்தியில் தாங்களே பறையறைவிக்கிறீர்களாம். தன் வீட்டுக் கூரையின் ஓட்டையைத் தானே ஊரழைத்துக் காட்டுவார் உண்டோ? சோற்றுக்கு முன் கைகழுவுவது அறிவோம், புண்ணுக்கு முன் கழுவ அது என்ன பந்தியா என்று அமைச்சர் கேட்டபோது, வேந்தர் சிரித்த சிரிப்பில் மகுடம் சரிந்தது. அக்காட்சி அரண்மனைச் சுவரில் ஓவியமாகவும் உள்ளது.

இது நிற்க.

அமைச்சரின் ஒரே மகள் வானவல்லி இந்நாட்டு ஆதுலர் சாலையில் ஆண்மகவு ஈன்றாள். மகவு நலம். தாய்க்கு உடல் கொதிக்கிறது. எயினங்கோ நாடி பிடித்துப் பார்த்து, திங்கள் முடியப் போகிறது என்றார். இது தாய்மை மகிழ்வின் வெப்பமே என்றும், கொட்டிலில் புது வைக்கோல் பரப்பியாயிற்று என்றும் பணிந்து சொன்னார். நாடி பிடித்த அந்தக் கை, அடுத்த கட்டிலின் புண்ணைக் கிளறிவிட்டு அப்படியே வந்த கை என்பதை அமைச்சர் அப்போதுதான் பார்த்தார். அதுவரை அவர் மருத்துவர் கையைப் பார்த்ததில்லை, கணக்கைத்தான் பார்த்திருந்தார்.

ஆகவே ஆணை யாதெனில்... ஆணையன்று, வேண்டுகோள். நாளை தென்கரைத் துறையில் திரையிட்ட பல்லக்கு ஒன்று ஓடத்திலிருந்து இறங்கும். உள்ளிருப்பவள் அமைச்சர் மகள் என்று எவரேனும் சொன்னால் நம்பற்க. அவளை நோயாளியாகவே ஏற்று, தங்கள் பறையில் ஒன்று கூட்டி அறைக. சுமப்போரில், பல்லக்குத் தண்டைத் தோளில் வைக்கத் தெரியாத கிழவர் ஒருவர் இருப்பார். கைகழுவ வெந்நீர் எங்கே என்று வாயிலில் அவரே கேட்பார், காட்டுக.

இவ்வோலையின் அரக்கில் அரச முத்திரை இல்லை; ஒரு பெருவிரல் மட்டுமே பதிந்துள்ளது. படித்ததும் அடுப்பில் இடுக. எந்த அடுப்பிலும் அன்று, அந்த வெந்நீர்ப் பானையின் அடியில் இடுக.