கறிக்கா, ஜூஸுக்கா?

மைனி,

இன்று காலையில் பின்கதவைத் திறந்ததுமே அந்தப் புளிப்பு வாடை முகத்தில் அடித்தது. மழையில் இலும்பன்புளிக் காய் ஏராளமாக உதிர்ந்து, சிமென்டுத் தரையில் நசுங்கிக் கிடந்தது. தூத்து அள்ள எனக்கு முதுகு வளையவில்லை. வாரியலைச் சுவரில் சாத்திவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வைத்த மரம், நீங்கள் போன பிறகும் அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளுகிறது. அதற்கு அலுப்பே கிடையாது. எனக்குத்தான் அலுத்து வருகிறது.

அண்ணன் பழவங்காடிக் கடைக்குப் போயாயிற்று. நான் லேபிலிருந்து போன் வருமென்று காத்திருந்தேன். மூத்திரத்தில் புரதம் கொஞ்சம் போகிறது என்று முன்பே கண்டுபிடித்திருந்தார்கள் இல்லையா, அது கூடியிருக்கிறதா என்று பார்க்கத்தான் நேற்றுக் கொடுத்துவிட்டு வந்தேன். கூடியிருந்தால் உங்கள் வழிதான் எனக்கும். அந்த வழி எப்படி இருக்கும் என்று கூடவே இருந்து பார்த்தவள் நான்.

நமக்குச் சர்க்கரை வந்ததே ஏறக்குறைய ஒரே சமயத்தில். மதினிக்கும் நாத்தனாருக்கும் இவ்வளவு ஒற்றுமை ஆகாது என்று அண்ணன் கேலி பண்ணுவார். சாயங்காலம் கரமனை ஆற்றுப் பக்கம் நடக்கப் போவோம். பாதி வழியில் ஏதாவது கடை வாசலில் நின்று பேச ஆரம்பித்துவிடுவீர்கள், நடந்த கணக்கு அதோடு சரி.

அப்போதுதான் யாரோ உங்கள் போனுக்கு அதை அனுப்பினார்கள். இலும்பன்புளியைச் சாறெடுத்து வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரையும் கொழுப்பும் ஓடிப்போகும் என்று. இந்த ஊரில் முக்கால்வாசி வீட்டில் அந்த மரம் நிற்கிறது, குடிக்கிறவர்களுக்கும் பஞ்சமில்லை. மறுநாளே நம் அடுக்களையில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, தோளைக் குறுக்கி, தம்ளர் நிறைய ஒரே மூச்சில் குடிப்பீர்கள். எனக்கும் நீட்டினீர்கள். வாசனை பட்டதுமே பல் கூசி ஓடிவிட்டேன். என்னைக் காப்பாற்றியது புத்தியல்ல, பல்கூச்சம்தான். "மருந்துன்னா பயப்படலாம்ட்டி. இது கறியில போடுக புளிதானலா" என்று சிரித்தீர்கள்.

பிறகு ஓங்கரிப்பு வந்தது, கால் வீங்கியது, மூத்திரம் சரியாகப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டரம்மா என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும், மாத்திரை வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினீர்கள். கொலு வைத்த பெருமை உங்கள் முகத்தில்.

"வேற எந்தெங்கிலும் மருந்து கழிக்குன்னுண்டோ?" வேறெதுவும் சாப்பிடுகிறீர்களா என்று மலையாளத்தில் கேட்டாள்.

"ஒன்னுமில்ல மோளே."

நீங்கள் பொய் சொல்லவில்லை. அடுக்களையில் இருப்பது நமக்கு மருந்துக் கணக்கில் வராது. பக்கத்தில் நின்ற எனக்கும் அது தோன்றவில்லை. அந்தப் பெண் ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினாள். பிறகு வேறு மாதிரிக் கேட்டாள்.

"வீட்டில் இலும்பன்புளி மரம் உண்டோ?"

உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. "உண்டு மோளே. நிறையக் காய்ச்சு கிடக்குது. நாளைக்கு ஒரு கவர் கொண்டு தராம்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

சர்க்கரை வருஷக்கணக்காக அரித்து வைத்திருந்த கிட்னி, மைனி. அதில் அந்தச் சாற்றிலுள்ள ஏதோ ஒன்று பொடிக்கல்லாகப் போய் அடைத்துவிட்டது என்றாள். கறியில் ரெண்டு காய் போடுவது வேறு, தினமும் தம்ளர் நிறையக் குடிப்பது வேறு. கொஞ்ச காலம் டயாலிசிஸ். பிறகு பாதி திரும்பி வந்தது. மீதி வரவே இல்லை. "வலிச்சிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன். அது வாயே திறக்கலியேட்டி" என்று கட்டிலில் கிடந்து சொன்னீர்கள்.

அண்ணன் மரத்தை வெட்ட ஆள் கூட்டிக்கொண்டு வந்தபோது நீங்கள்தான் குறுக்கே போய் நின்றீர்கள். "மரம் என்ன செஞ்சுது? குடிச்சது நான்லா." அன்றிலிருந்து வாசலில் யார் புளி கேட்டு வந்தாலும் முதலில் விசாரணைதான். கறிக்கா, ஜூஸுக்கா? கறிக்கென்றால் கை நிறையக் கிடைக்கும். ஜூஸுக்கென்றால் காயும் கிடையாது, சீக்கிரம் வீட்டுக்குப் போகவும் முடியாது.

என்னையும் நீங்கள் விடவில்லை. "சர்க்கரைய மட்டும் பாத்துட்டு வந்திராத. மூத்திரத்தையும் பாக்கச் சொல்லு" என்று கையைப் பிடித்து லேபுக்கு இழுத்துப் போனீர்கள். அப்படித்தான் என் கிட்னிக் கோளாறு ஆரம்பத்திலேயே தெரிந்தது. ஒவ்வொரு ரிப்போர்ட் வரும்போதும் "கூடிச்சா?" என்பீர்கள். "இல்ல மைனி, அங்கேயே நிக்கு" என்றால் அன்று மீன்கறி. புளி போட்ட கறி எங்களுக்கு. உங்கள் தட்டில் புளி படாமல் தனியே பொரித்த ஒரு துண்டு. போன ஓணத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து நீங்கள் போனபிறகு நான் மீன்கறி வைக்கவே இல்லை.

சலித்துப் போயிற்று, மைனி. காலையில் மாத்திரை, பிரஷர் பார்க்க ஒரு பட்டை, உப்பில்லாத கஞ்சி. அப்பளம் இல்லை, ஊறுகாய் இல்லை, கருவாட்டு வாசனை அடுத்த வீட்டிலிருந்து மட்டும். முட்டி வலித்தால் கேட்காமல் வலி மாத்திரை போடக்கூடாது, வெந்நீர் ஒத்தடம்தான். இத்தனையும் எதையும் குணமாக்க இல்லை. இருப்பது போகாமல் இருக்க. அதற்கு யார் கைதட்டப் போகிறார்கள்?

படியில் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அடுத்த தெருப் பெண் கவரோடு வந்தாள். "ஆன்ட்டி, கொறச்சு புளி எடுத்தோட்டே?"

எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போ தாயே, எனக்கு முற்றம் சுத்தமானால் போதும் என்றுதான் மனசில் வந்தது. ஆனால் வாய் கேட்டுவிட்டது. "கறிக்கோ, ஜூஸினோ?"

அவள் தரையைப் பார்த்தாள். "அச்சனு கொடுக்கானா ஆன்ட்டி. ஷுகர் கூடுதலா."

பக்கத்தில் உட்கார வைத்தேன். உங்கள் கதை முழுவதையும் சொன்னேன், அந்தக் "கவர் கொண்டு தராம்" வரைக்கும். அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவுக்கு மூத்திரத்தில் புரதம் பார்த்திருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒன்று உண்டென்றே தெரியாது என்றாள். நாளைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கறிக்கு மட்டும் நாலு காய் எடுத்துக்கொண்டு போனாள். பேசிப் பேசி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. நீங்கள் இதை இத்தனை பேரிடம் எப்படித்தான் சொன்னீர்களோ.

அவள் கேட்டைச் சாத்தின பிறகுதான் போன் வந்தது. கேட்டுக்கொண்டேன். சரி என்று வைத்துவிட்டேன். யாரிடம் சொல்வதென்று வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தேன். அடுக்களையில் நீங்கள் இல்லை.

அங்கேயே நிக்கு, மைனி.

விழிஞ்ஞத்து மீன்காரி இப்போது வருவாள். மரத்தில் ரெண்டு புளி பறித்து வைத்திருக்கிறேன். கறிக்குத்தான்.