அதே தயிரில் உறை

ஜூன் 3, செவ்வாய்
இந்தத் தொட்டியும் கெட்டுவிட்டது. நியூசிலாந்தின் புக்கெகோஹித் தோட்டங்களிலிருந்து ஆலைக்கு வரும் கழிவு உருளைக்கிழங்கின் மாச்சத்தை பாக்டீரியா தின்று, முதலில் அமிலமாக்கும், பிறகுதான் எரிபொருள். எங்களுடையது அமிலத்தோடு நின்றுவிடுகிறது. மூடியைத் திறந்தால் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம்.

ஜூன் 5
மேலாளர் கிரேகம் காரணம் கேட்டார். தொட்டி சரியாகக் கழுவப்படாமல் வேறு கிருமி புகுந்திருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்றுதான் சொன்னேன். கழுவுகிறவன் பிருந்தன்.

ஜூன் 6
பிருந்தனை நிறுத்திவிட்டார்கள். அவனுடைய விசாவே இந்த வேலையை நம்பித்தான். மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. "அக்கா, நான் வடிவாத்தான் கழுவினனான். உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டான். நான் தலையாட்டினேனா? நினைவில்லை.

ஜூன் 8
நித்திரை இல்லை.

ஜூன் 13
இந்த முறை தொட்டியை நானே தேய்த்துக் கழுவினேன். அதே நாற்றம்.

ஜூன் 14, சனி
வீட்டுத் தயிர் நூல் நூலாக இழுபட்டது. என் கணவர் யசீகரன் சிரித்தார். "எத்தினை மாசமா அதே தயிரிலையே உறை போடுறீர்? புதுசா ஒண்டு வாங்குமன்."

கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். வேலையிலும் நான் இதைத்தானே செய்கிறேன்! ஒவ்வொரு தொட்டியிலும் கொஞ்சம் எடுத்து அடுத்த தொட்டிக்கு விடுகிறேன். குளிர்பெட்டியில் முதல் பாக்டீரியாவின் மூல வித்து பத்திரமாக இருக்க, எரிபொருள் செய்ய மறந்த கூட்டத்தையே திரும்பத் திரும்ப வளர்த்திருக்கிறேன். படிச்ச படிப்பெல்லாம் எங்கயடி போச்சு? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஜூன் 15
சொல்லாமல் விட்டால்? மூல வித்தில் புதிதாகத் தொடங்கலாம். கழுவல் திருந்தியதால் சரிவந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். சொன்னால் என் வேலையும் போகலாம் — ஆனால் அந்தப் பிள்ளைத்தாச்சி?

ஜூன் 16
கிரேகமிடம் சொல்லிவிட்டேன். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வரும் என்றார். பிருந்தனைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். நானே போன் எடுத்து, பிழை என்னுடையது என்று மன்னிப்புக் கேட்டேன்.

"ஓம், வாறன்." அவ்வளவுதான் கதைத்தான்.

ஜூன் 26
உறங்கிக் கிடந்த மூல வித்தைச் சூடாக்கி எழுப்பித் தொடங்கிய புதுத் தொட்டி. இன்று காலை வால்வைத் திறந்த பிருந்தன் என்னைக் கூப்பிட்டான். ஓடினேன். வெண்ணெய் நாற்றத்தின் மேலாக, கனிந்த வாழைப்பழம் போல ஒரு வாசம். எரிபொருள்தான்! அழுகை வந்தது.

"சரிவந்திட்டுது, மேடம்" என்றான்.

வந்த நாளிலிருந்து அக்கா என்று கூப்பிட்டவன்.