பேர் மாறிய மருந்துப் பொடி

அக்கா,

இன்று காலை டம்ளர் தண்ணீரில் அந்த வெள்ளைப் பொடியைக் கலக்கினேன். மலச்சிக்கலுக்கு உங்களுக்குக் கொடுத்த அதே மருந்தை டாக்டர் இப்போது எனக்கும் எழுதியிருக்கிறார். கலக்கியதும் பொடி போன இடம் தெரியவில்லை. "வெறுந்தண்ணியாட்டத்தானடி இருக்குது" என்று நீங்கள் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது கண்முன் வந்தது.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனோமே, மலையாளத்து நர்ஸ் வாசலில் நின்று "தெய்வானை... தெய்வானை உண்டோ?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நாம் இருவரும் அது யாரோ என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்றே மாமியார் பிறந்த ஊரைச் சொல்லி உங்களுக்கு வைத்த பேர் வேலந்தாவளத்தா. பின்னால் இளைய மருமகளாக வந்த நான் கோபாலபுரத்தா. "அட, அது நாந்தான்டி!" என்று நீங்கள் எழுவதற்குள் வேறொருவர் உள்ளே போய்விட்டார்.

"சந்தையில புடிச்ச எருமையத்தான் ஊரைச் சொல்லிக் கூப்புடுவாங்க. நம்மளையும் அப்படியே பண்ணிப்போட்டாங்க" என்று சிரித்தீர்கள். பஸ்ஸில் வீடு வரும்வரை ஆஸ்பத்திரிச் சீட்டில் பேர் எழுதியிருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தீர்கள்.

பொடி நன்றாகத்தான் கேட்டது. அது தீர்ந்ததும் கடையில் வேறு கம்பெனி பாக்கெட் கொடுத்தார்கள். முன்னது மேக்ரோகால், இது பாலி எத்திலீன் கிளைக்கால். ஐந்தாவது படித்தவள் என்ற பெருமையில் எழுத்துக் கூட்டி நான் படித்துச் சொன்னதுதான் வினையாயிற்று.

"பேரே வேற. குடிச்சு எனக்கு ஏதாச்சும் ஆனா?" என்று தள்ளி வைத்துவிட்டீர்கள். வயிறு உப்பி, சோறும் இறங்காமல் கிடந்தீர்கள். பயந்துபோய்க் கோயமுத்தூரில் கெமிஸ்ட்ரி படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்திக்குப் போன் போட்டு, நீங்களும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பேருதான் வேற, பொருளு ஒண்ணுதானுங்க பெரியம்மாயி. நீளமான சரம். கார்பன் ரெண்டு, ஆக்சிஜன் ஒண்ணு, மறுபடியும் கார்பன் ரெண்டு, ஆக்சிஜன் ஒண்ணுன்னு போய்ட்டே இருக்கும்" என்று உங்களுக்குச் சொன்னாள்.

"ரெண்டு மல்லி, ஒரு மரிக்கொழுந்து" என்றேன் நான்.

"அதேதான் அம்மாயி! அந்த மரிக்கொழுந்தெல்லாம் தண்ணியப் புடிச்சு வெச்சுக்கும். ஒடம்புல சேராது, தண்ணியோட வெளிய போயிரும். எங்க பாடத்துல இதுக்கு இன்னும் பேரு இருக்குது. பாலி எத்திலீன் ஆக்சைடுன்னா எதுலிருந்து வந்துச்சுன்னு சொல்ற பேரு. பாலி ஆக்ஸி எத்திலீன்னா, சரமாக் கோத்தப்பறம் அது என்னவா இருக்குதுன்னு சொல்ற பேரு."

என் ஐந்தாம் வகுப்புக்கே புரிந்துவிட்டது. வேறு யார் பேத்திக்கு இப்படிச் சொல்ல வரும்?

நீங்கள் மட்டும் அந்தப் பேர்களையே பிடித்துக்கொண்டீர்கள். "வந்த எடத்தச் சொல்ற பேருதான்டி எனக்கு இருக்குது. நான் ஆருன்னு சொல்ற பேர ஆருமே கூப்புடறதில்ல."

"மூத்தவங்க பேர நான் எப்படிங்கக்கா...?"

"அக்காவச் சேத்துக் கூப்புடு. மரியாத எங்கயும் போயிராது."

புதுப் பாக்கெட்டைப் பிரித்துக் கலக்கினேன். "தெய்வானையக்கா, குடிங்க" என்று நீட்டினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொருக்காச் சொல்லு" என்றீர்கள்.

நீங்கள் போன அன்று வாசலுக்கு வந்தவர்கள் எல்லாம் வேலந்தாவளத்தா, வேலந்தாவளத்தா என்றுதான் அழுதார்கள். நான் மட்டும் உங்கள் பேரைச் சொல்லி அழுதேன்.

போன வாரம் என் பேரனுக்கு ஆனைமலையிலிருந்து பெண் எடுத்தோம். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "ஏனுங்க, ஆனைமலக்காரி எந்திரிச்சுட்டாளா?" என்றாள்.

"அவ பேரு நித்யா" என்றேன். "நித்யா கண்ணு!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன்.

"என்னங்க அப்பத்தா?"

முதல் குரலுக்கே வந்து நின்றாள், தெய்வானையக்கா.