செத்தவீட்டுக்கு இழுத்த லைன்

மச்சான்,

இன்றைக்குக் காலையில் கம்பத்தின் அடியிலிருக்கும் பெட்டியைத் திறந்தேன். கருகிய பிளாஸ்டிக் மணம் முகத்தில் அடித்தது. நேற்றைய இடி எல்லாவற்றையும் எரித்துவிட்டது. கனகராயன்குளத்துக்கு உள்ளே இருக்கிற ஊர்கள் ஒன்றுக்கும் இன்ரநெற் இல்லை. "எப்ப வரும்?" என்று போன் விடாமல் அடிக்கிறது. களைத்துப் போனேன் மச்சான். உன்னைப் போல நாலு பகிடி விட்டுச் சமாளிக்க எனக்கு வராது.

பெரிய கம்பனியின் கேபிள் ஏ-ஒன்பது வீதியோடு நின்றுவிட்டது. உள்ளுக்கு வரமாட்டோம் என்றார்கள். அங்கிருந்து லைன் எடுத்து, ஊருக்கு ஊர் கம்பம் நட்டு, நாங்களே கொடுப்போம் என்றவன் நீ. நான் ஏறுவேன், நீ கதைப்பாய். அதுதான் எங்கள் கூட்டு, எங்கள் சின்னக் கடை.

ஒரு வீட்டில் சிக்னல் இல்லையென்று போனோமே, நினைவிருக்கிறதா? பிள்ளைகள் படிக்காமல் படம் பார்க்கிறார்கள் என்று அந்த அம்மா ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீயோ கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு, "அம்மா, நகையைப் பூட்டி வையுங்கோ, இதுக்கு மூச்சு விடோணும்" என்றாய். அவா சிரித்துக்கொண்டே தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனா.

இந்தப் பகிடியெல்லாம் செத்தவீடு என்றால் உன்னிடம் இராது. இங்கே ஒருவர் கண்ணை மூடினால், பந்தல்காரருக்கு அடுத்த போன் எங்களுக்குத்தான் வரும். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பார்கள். அவர்கள் வீடியோவில் பார்க்காமல் பிரேதத்தை எடுக்க வீட்டார் விடமாட்டார்கள். "செத்தவீட்டுப் போன் வந்தால் சோத்துக் கோப்பையை மூடிப்போட்டு எழும்பு" என்பாய்.

பிறகு அந்தப் போன் உன் வீட்டிலிருந்தே வந்தது. நித்திரையிலேயே போய்விட்டாய். உன் மகனுக்குப் பிரான்சில் இன்னும் விசா இல்லை. வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போக முடியாது. போன் திரையில் பார்ப்பதுதான் அவனுக்குக் கடைசிப் பார்வை. நான் வந்ததிலிருந்து வயர் இழுப்பதிலேயே நின்றேன். உன் முகத்தைப் பிறகு பார்க்கலாம் என்றிருந்தேன்.

கிரியை தொடங்க, மழையும் காற்றும் வந்து கம்பத்து உச்சியிலிருந்த சிக்னல் தட்டைத் திருப்பிவிட்டன. படம் அப்படியே நின்றுபோனது. என்னை விட்டால் ஏற ஆளில்லை. தட்டைக் கையால் பிடித்தால் படம் வரும், விட்டால் போய்விடும். பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே பறை கேட்டது. "வாய்க்கரிசி போட வா" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இறங்கவில்லை. இறங்கியபோது பிரேதப் பெட்டியை மூடித் தோளில் தூக்கிவிட்டார்கள். மூடிய பெட்டியைத் திறக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோரோடும் பின்னால் நடந்தேன்.

இப்போது வெளியூர்க் கம்பனி ஒன்று எங்கள் கம்பங்களை விலைக்குக் கேட்கிறது. நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்கும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம் போலத்தான் இருக்கிறது. உன் பங்கு மகனுக்குரியது என்பதால் அவனைக் கேட்டேன்.

"மாமா, உங்களால நடத்த ஏலாட்டில் விடுங்கோ. அண்டைக்கு அப்பாவின்ர முகத்தை நான் வடிவாப் பார்த்தனான். எனக்கு அது காணும், போதும்" என்றான்.

பிறகு கதைக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது.

அவனால் விடச் சொல்ல முடியும். உன் கடைசி முகத்தை அவன் பார்த்துவிட்டான். எனக்கு அது கிடைக்கவில்லை. எனக்கு இருப்பது நீ போவதற்கு முதல்நாள் பின்னேரத்து முகம். சைக்கிளில் ஏறி, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "நாளைக்கு வெள்ளன வாறன் மச்சான், கடையைத் திறந்து வை" என்று சொன்னாயே, அந்த முகம். அதை வைத்துக்கொண்டு நான் எப்படியடா கடையைப் பூட்டுவேன்?